வெப்பமும் இசைப்பெட்டியின் ஆயுளும்

மூன்றாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஸ்டீரியோ பெருக்கி உண்டு. 1993-ஆம் ஆண்டு, அப்பா தம் திருமணத்திற்கு முன், உள்ளூரில் ஒருவரிடம் தவணையில் பணம் கொடுத்துக் கட்டி வாங்கியது. பக்கத்திற்கு 50 வாட். திறந்த சன்னலுக்கு அருகே ஒரு மரப்பெஞ்சின்மேல் அமர்ந்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரமாக, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அது பாடியது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஒருமுறை மாற்றியதைத் தவிர வேறு பழுது அறியாது.

நான் பத்தாம் வகுப்பு படித்த ஆண்டில் வீட்டைப் புதுப்பித்தோம். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் ஒன்று வந்தது. பெருக்கி அதற்குள் குடியேறியது. தூசி படக்கூடாதென்று அம்மா அதன்மேல் ஒரு பின்னல் துணியை விரித்தார். துணியின்மேல் தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டி ஏறியது. ஓராண்டு சென்றதும் பாட்டுக்கு அடியில் ஒரு முணுமுணுப்புக் கேட்கத் தொடங்கியது. பழுது பார்ப்பவர் வலப்பக்க டிரான்சிஸ்டர்களை மாற்றித் தந்தார். அடுத்த எட்டு மாதங்களில் அதே பக்கம் இருமுறை எரிந்தது. மூன்றாம் முறை, "வயதாகிவிட்டது; எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்ற தீர்ப்புக் கிடைத்தது. ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு வாரக் கூலியைக் கொடுத்துச் சலித்திருந்த அப்பா, மறுபேச்சின்றிப் பெட்டியைப் பரணில் ஏற்றினார்.

கல்லூரிக்கு வந்து முதலாண்டில் வெப்பவியல் பாடம் கேட்டபோதுதான் எனக்கு அந்தப் பெட்டியின் நினைவு வந்தது. பெஞ்சின்மேல் இருபத்தைந்து ஆண்டு நன்றாக இருந்தது, ஷோகேசுக்குள் இரண்டே ஆண்டில் மடிந்தது ஏன்? வயதா, வெப்பமா? அக்கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே பெருக்கி என்பது ஆம்ப்ளிஃபையரையும், ஒலிபெருக்கி என்பது ஸ்பீக்கரையும் குறிக்கும். மின்தேக்கி என்பது கடைத்தெருவில் கண்டென்சர் என்று வழங்கும் பொருளே.

வெப்பம் எங்கே பிறக்கிறது?

பெருக்கி மின் இணைப்பிலிருந்து வாங்கும் ஆற்றலில் ஒரு பகுதி ஒலிபெருக்கிக்குச் செல்கிறது. எஞ்சியது முழுவதும் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிறது. ஆற்றல் அழியாமை விதியின்படி அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

எவ்வளவு எஞ்சும் என்பது பெருக்கியின் வகையைப் பொறுத்தது. ஏ வகைப் பெருக்கியில் பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிரான்சிஸ்டர் வழியே மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அது பாடாமல் இருக்கும்போதுதான் மிகுதியாகச் சுடும். பி வகையில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒலி அலையின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று உழைக்கும்போது மற்றொன்று ஓய்வெடுக்கிறது. இதன் உச்சப் பயனுறுதிறன், கோட்பாட்டின்படி, 78.5 விழுக்காடு. வீடுகளில் உள்ள பழைய பெருக்கிகளில் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஏபி வகையைச் சேர்ந்தவை. அவற்றின் கணக்கு பி வகையை ஒட்டியே அமையும்.

ஒலியை உச்சத்திற்கு ஏற்றும்போதுதான் பெட்டி அதிகம் சுடும் என்று நாம் எண்ணுவோம். கணக்கு அவ்வாறு கூறவில்லை. 50 வாட் பெருக்கி ஒன்று சைன் அலையை முழு அளவில் வெளியிடும்போது உள்ளே வாங்குவது ஏறக்குறைய 64 வாட். வெப்பமாவது 14 வாட் மட்டுமே. அதே பெருக்கி 20 வாட் அளவில் ஒலிக்கும்போது 40 வாட் வாங்கி 20 வாட்டை வெப்பமாக்குகிறது. அதுவே அதன் வெப்ப உச்சம். முழு முழக்கத்தைவிட நடுத்தரமான உரத்த ஒலியில்தான் டிரான்சிஸ்டர் மிகுந்த தொல்லைக்கு உள்ளாகிறது என்பது வியப்பைத் தருகிறது அல்லவா? முழு அளவில் டிரான்சிஸ்டரின் குறுக்கே எஞ்சும் மின்னழுத்தம் மிகக் குறைவு. நடு அளவில் மின்னோட்டமும் உண்டு, குறுக்கே மின்னழுத்தமும் உண்டு; இரண்டின் பெருக்கற்பலன் அங்கேதான் உச்சத்தை அடைகிறது.

இவ்வெப்ப உச்சம் மின்வழங்கியின் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், ஒலிபெருக்கியின் மின்தடைக்கு எதிர்விகிதத்திலும் அமையும். எனவே வீட்டு மின்னழுத்தம் 10 விழுக்காடு ஏறினால் வெப்பம் 21 விழுக்காடு ஏறும். 8 ஓம் ஒலிபெருக்கிக்கென அமைந்த பெருக்கியில், பக்க இணைப்பில் இன்னொரு 8 ஓம் ஒலிபெருக்கியைச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம் ஆகி, வெப்பம் இரட்டிப்பாகும். பொங்கலுக்கு மாடியில் ஒன்று, வாசலில் ஒன்று என்று பெட்டிகளை மாட்டுவோர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

வெப்பத்திற்கும் ஓர் ஓம் விதி

பிறந்த வெப்பம் வெளியேற வேண்டும். அது வெளியேறும் பாதையைக் கணக்கிட நாம் நன்கறிந்த ஓம் விதியே உதவுகிறது. மின்னோட்டத்தின் இடத்தில் வெப்பத்திறனையும், மின்னழுத்த வேறுபாட்டின் இடத்தில் வெப்பநிலை வேறுபாட்டையும், மின்தடையின் இடத்தில் வெப்பத்தடையையும் வைத்துக்கொண்டால் போதும்.

வெப்பநிலை உயர்வு = வெப்பத்திறன் × வெப்பத்தடை

வெப்பத்தடையின் அலகு ஒரு வாட்டுக்கு இத்தனை டிகிரி என்பதாகும். தொடரிணைப்பில் மின்தடைகளைக் கூட்டுவதுபோலவே இவற்றையும் கூட்டலாம்.

எங்கள் பெட்டியில் இருப்பவை 2என்3055 என்னும் புகழ்பெற்ற டிரான்சிஸ்டரும் அதன் இணையும். உலோக மூடி அணிந்த இவ்வகை 1960-களிலிருந்து வழக்கில் உள்ளது. இதன் சிலிக்கான் சில்லிலிருந்து உலோக உடல்வரை வெப்பத்தடை ஏறத்தாழ 1.5. உடலுக்கும் அலுமினிய வெப்பத் தகட்டுக்கும் இடையே, மின்சாரம் கசியாதிருக்க, மெல்லிய மைக்கா தகடு ஒன்றை வைப்பர். அதன் இருபுறமும் வெள்ளைப் பசை தடவியிருந்தால் வெப்பத்தடை 0.5 அளவில் இருக்கும். வெப்பத் தகட்டிலிருந்து காற்றுக்கு, ஒரு டிரான்சிஸ்டரின் பங்காக, 3 என்று கொள்வோம். ஆக மொத்தம் 5. ஒரு பக்கத்தில் பிறக்கும் 20 வாட்டை இரு டிரான்சிஸ்டர்கள் பங்கிட்டால் ஒன்றுக்கு 10 வாட். எனவே சில்லு, சுற்றியுள்ள காற்றைவிட 50 டிகிரி மிகுந்திருக்கும். பெஞ்சின்மேல், 35 டிகிரிக் கூடத்தில், அது 85 டிகிரி.

இனி ஷோகேசுக்குள் செல்வோம். அங்கே காற்று எவ்வளவு சுடும்? பெட்டியோ பரணில் கிடந்தது. ஆகவே அதன் இடத்தில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டேன். இரு பக்கங்களின் வெப்ப உச்சமும் சேர்ந்து 40 வாட்தானே! ஆய்வகத்திலிருந்து ஆசிரியர் அனுமதியுடன் எடுத்துவந்த வெப்பமானியைக் குமிழ் பல்பின் ஒளி படாதவாறு மறைத்துத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினேன். இரண்டு மணி நேரத்தில் கூடம் 35 டிகிரியில் இருக்க, ஷோகேஸின் உள்ளே 55 டிகிரி காட்டியது. இருபது டிகிரி உயர்வு!

பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பழுது பார்த்தபோது மாற்றிய டிரான்சிஸ்டர்களுக்கு அடியில் வெள்ளைப் பசை இல்லை; வெறும் மைக்கா மட்டுமே இருந்தது. கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகள் உண்மையில் சில முகடுகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. இடையில் நிற்பது காற்று. அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் அளவு காற்றைப் போல ஏறத்தாழ 9,000 மடங்கு. அந்தக் காற்றை விரட்டி இடைவெளியை நிரப்புவதே பசையின் வேலை. பசை இல்லாத இணைப்பின் வெப்பத்தடையை 1.2 என்று கொண்டால் மொத்தம் 5.7, உயர்வு 57 டிகிரி, சில்லின் வெப்பநிலை 112 டிகிரி.

இந்த டிரான்சிஸ்டர் தாங்கக்கூடிய திறன் 115 வாட் என்று குறிப்பேட்டில் அச்சிட்டிருப்பார்கள். அது உடலின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். அதற்குமேல் இந்த அளவு படிப்படியாகக் குறைந்து 200 டிகிரியில் சுழியாகிவிடும். பெஞ்சின்மேல் இருந்தபோது உடல் 70 டிகிரி. தாங்குதிறன் ஏறக்குறைய 85 வாட். ஷோகேசுக்குள் உடல் 97 டிகிரி. தாங்குதிறன் 68 வாட். கையிருப்புக் கரைந்துள்ளது, ஆயினும் தீர்ந்துவிடவில்லை. சில்லும் 200 டிகிரியைத் தொடவில்லை. பிறகு ஏன் இருமுறை எரிந்தது?

சுழலில் அகப்பட்ட டிரான்சிஸ்டர்

விடை டிரான்சிஸ்டரின் இயல்பிலேயே உள்ளது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் சூடாகும்போது, அதே மின்னோட்டத்தைக் கடத்தத் தேவையான அடிவாய் மின்னழுத்தம் டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் வீதம் குறைகிறது. அடிவாய்க்கு நாம் கொடுக்கும் மின்னழுத்தம் மாறாமல் இருந்தால், 10 டிகிரி உயரும்போது மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மின்னோட்டம் ஏறினால் வெப்பம் ஏறும். வெப்பம் ஏறினால் மின்னோட்டம் மேலும் ஏறும். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்பதுபோல் இச்சுழல் தானே வளர்ந்து, இறுதியில் சில்லை உருக்கிவிடும். இதனை வெப்ப ஓட்டம் என்று கூறலாம்.

பெருக்கியை அமைப்போர் இதற்கு இரண்டு காவல்களை வைக்கின்றனர். ஒன்று, உமிழ்வாயில் தொடராக இணைக்கப்படும் ஓர் ஓமுக்கும் குறைவான சிறு மின்தடை. மின்னோட்டம் ஏறும்போது இதன் குறுக்கே ஏற்படும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்துகிறது. மற்றொன்று, வெப்பத் தகட்டிலேயே பொருத்தப்படும் ஒரு சிறு டயோடு அல்லது டிரான்சிஸ்டர். தகடு சூடாகும்போது இதுவும் சூடாகி, அடிவாய்க்குச் செல்லும் மின்னழுத்தத்தை அதே வீதத்தில் குறைத்துவிடும். தகட்டின் சூட்டை உணர்ந்து சொல்லும் ஒற்றன் இது.

எங்கள் பெட்டியின் இடப்பக்கத்தில் ஒற்றன் தகட்டின் துளைக்குள் ஒட்டப்பட்டு அசையாமல் இருந்தான். வலப்பக்கத்திலோ இரண்டு கம்பிகளின் முனையில் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தான்! முதல் பழுதின்போது கழற்றியவர் மீண்டும் துளையில் செருக மறந்திருக்கிறார். தகடு கொதித்தாலும் அவனுக்குச் செய்தி எட்டாது. புதிய டிரான்சிஸ்டர்கள் இருமுறை எரிந்ததற்குக் காரணம் புலப்பட்டது. ஒரு பாகம் எரிந்தால் அதனை மாற்றுவது பாதி வேலை. அது ஏன் எரிந்தது என்று கேட்பதே மறுபாதி.

உலர்ந்து போகும் மின்தேக்கி

ஆயின் முதன்முதலில் கேட்ட முணுமுணுப்பு எங்கிருந்து வந்தது? அதனை ஆராய்ந்தபோதுதான் என் கேள்வியின் மையத்தை அடைந்தேன்.

நம் வீட்டு மாறுமின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. முழு அலைத் திருத்திக்குப் பின் அது விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது பெரிய மின்பகு மின்தேக்கிகளின் பணி. அவை தளர்ந்தால் 100 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு ஒலிபெருக்கியை அடையும். எங்கள் பெட்டியில் பெரிய மின்தேக்கிகளின் தலை, உப்பிய பூரிபோல் மேலெழுந்திருந்தது.

இவ்வகை மின்தேக்கி இரண்டு அலுமினிய இழைத்தகடுகளையும், இடையே மின்பகு திரவத்தில் தோய்ந்த தாளையும் சுருட்டி, அலுமினியக் குப்பிக்குள் வைத்து, ரப்பரால் வாயை மூடிச் செய்யப்படுகிறது. பெருக்கியின் பாகங்களுள் ஈரத்தை நம்பி வாழ்வது இது ஒன்றே. திரவம் ஆண்டுக்கணக்கில் ரப்பரின் வழியே மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கிறது. திரவம் குறையக் குறைய உள்தடை ஏறுகிறது. அத்தடை வழியே பாயும் மின்னோட்டம் மின்தேக்கியை உள்ளிருந்தே சூடாக்குகிறது. சூடு மேலும் உலர்த்துகிறது. இங்கும் ஒரு சுழல்!

வேதிவினைகளின் வேகம் வெப்பநிலையோடு எவ்வாறு ஏறுகிறது என்பதற்கு ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அரேனியஸ் 1889-இல் ஒரு சமன்பாட்டை வழங்கினார். அதன் எளிய வடிவமாக மின்தேக்கிகளுக்கு வழங்கும் விதி இது: வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும், 10 டிகிரி இறங்கினால் இரட்டிப்பாகும்.

மின்தேக்கியின் உடலில் அச்சிட்டிருக்கும் 85 டிகிரி என்பது அது தாங்கும் உச்ச வெப்பநிலை. அந்த வெப்பநிலையில் அதன் ஆயுள் 2,000 மணி என்று கொள்வோம். கேட்பதற்கு மிகக் குறைவாகத் தோன்றும். இப்போது விதியைப் பயன்படுத்துவோம். 75 டிகிரியில் 4,000, 65-இல் 8,000, 55-இல் 16,000, 45-இல் 32,000 மணி.

பெஞ்சின்மேல் இருந்தபோது எங்கள் மின்தேக்கி 45 டிகிரியில் இருந்தது என்க. நாளொன்றுக்கு மூன்று மணி வீதம் இருபத்தைந்து ஆண்டுகளில் அது உழைத்தது ஏறக்குறைய 27,400 மணி. அதாவது ஆயுளில் ஏழில் ஆறு பங்கு தீர்ந்து, ஒரு பங்கு எஞ்சியிருந்தது. பெஞ்சிலேயே இருந்திருந்தால் அந்த ஒரு பங்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் வந்திருக்கும். ஷோகேசுக்குள் காற்று 20 டிகிரி ஏறவே மின்தேக்கியும் 65 டிகிரியை எட்டியது. முழு ஆயுளே 8,000 மணி என்னும் அவ்விடத்தில் ஏழில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 1,150 மணி. நாளுக்கு மூன்று மணி வீதம் ஓராண்டு. முணுமுணுப்புக் கேட்டதும் ஓராண்டு கழித்தே!

இக்கணக்கு மணிப்பொறிபோல் துல்லியமானதன்று. ரப்பர் மூடியும் தன் போக்கில் முதுமை அடைவதால், பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆயுளை இவ்விதியால் உறுதிகூற இயலாது. ஆயினும் திசையைக் காட்ட இது போதுமானது. வயதா, வெப்பமா என்ற கேள்விக்கு விடை இரண்டும்தான். வயது சேமிப்பைக் கரைத்தது; வெப்பம் எஞ்சியதை நான்கு மடங்கு வேகத்தில் செலவழித்தது.

105 டிகிரி என்று குறித்த மின்தேக்கியை வாங்கினால், அதே 2,000 மணிக்கு, 65 டிகிரியிலும் 32,000 மணி ஆயுள் கிடைக்கும். விலை வேறுபாடோ சில ரூபாய்களே. மறுபுறம், மின்தேக்கியின் உள்ளிருக்கும் திரவமே தவறாக அமைந்தால் எந்த விதியும் காக்காது. 1990-களின் இறுதியிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரை உலகெங்கும் கணினிகளும் மின்வழங்கிகளும் குறைவயதில் மடிந்தன. நீர் மிகுந்த மின்பகு திரவத்தில் தகுந்த தடுப்புப் பொருள்கள் இல்லாமையால் உள்ளே ஹைட்ரஜன் பிறந்து குப்பிகள் உப்பி வெடித்தன. மின்தேக்கிக் கொள்ளைநோய் என்றே அதற்குப் பெயர் வந்தது.

பற்றாசின் களைப்பு

டிரான்சிஸ்டரும் மின்தேக்கியும் வெப்பத்தின் அளவால் துன்புறுகின்றன. வெப்பத்தின் மாற்றத்தால் துன்புறுவது பற்றாசு. பெட்டியைப் போடும்போது ஒவ்வொரு பாகமும் விரிகிறது; அணைக்கும்போது சுருங்குகிறது. செம்பு, கண்ணாடி இழைப் பலகை, அலுமினியம் ஆகியவை வெவ்வேறு அளவில் விரிவதால் இடையில் நிற்கும் பற்றாசே இழுபட்டு நைகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் சில முறைக்குப்பின் ஒடிவதுபோல, ஆயிரக்கணக்கான ஏற்ற இறக்கங்களுக்குப்பின் பற்றாசில் விரிசல் விழுகிறது. உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால், கனத்த மின்தடைகளின் காலைச் சுற்றி முடிபோல் மெல்லிய வட்டக் கோடு தெரியும். பெட்டியைத் தட்டினால் பாடும், விட்டால் நின்றுவிடும் நோய்க்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பழைய பற்றாசு 183 டிகிரியில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியதால், வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த புதிய பற்றாசுகள் பரவின. அவை உருக 217 டிகிரிக்கு மேல் தேவை. பழையதைப் பழுது பார்க்கும்போது இரண்டையும் கலவாமல், முன்னதை முற்றிலும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதே நன்று.

அப்படியானால் பெட்டியை அணைக்காமலே வைத்திருக்கலாமா? கூடாது. பற்றாசு பிழைக்கும், மின்தேக்கி மடியும். நடுவழி இதுதான்: கேட்கும்போது போடுவோம், முடித்ததும் அணைப்போம், இடையிடையே பத்து நிமிடத்திற்கு ஒருமுறை போட்டு அணைப்பதைத் தவிர்ப்போம்.

வால்வு முதல் டி வகை வரை

வெப்பத்தோடு நடந்த இப்போராட்டம் டிரான்சிஸ்டருக்கு முன்பே தொடங்கியது. வால்வுக்கு வெப்பம் பகையன்று, உயிர். எதிர்மின்வாயைச் சூடாக்கினால்தான் எலெக்ட்ரான்கள் வெளிப்படும். இஎல்84 என்னும் வால்வின் சூடேற்றிக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 4.8 வாட், பாட்டு வருமுன்னரே செலவாகும். பழைய வானொலிப் பெட்டிகளின் பின்புற அட்டையில் வரிசையாகத் துளைகள் இருந்தது அழகுக்காக அன்று.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. தொடக்கக் காலத்து ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களில் பல 100 டிகிரிக்குள்ளேயே எல்லையை எட்டிவிடும். சிலிக்கான் வந்ததும் அவ்வெல்லை 150 முதல் 200 டிகிரிவரை உயர்ந்தது. இன்று பரவியுள்ள டி வகைப் பெருக்கியில் டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறந்தோ முழுமையாக மூடியோ மட்டுமே இருப்பதால், பயனுறுதிறன் 90 விழுக்காடு அளவை எட்டுகிறது. வெப்பம் குறைந்தது உண்மை. ஆனால் வெப்பம் குறைந்ததைக் காட்டிப் பெட்டியையும் சிறிதாக்கிவிட்டார்கள். உள்ளங்கையளவுப் பெட்டிக்குள், சூடாகும் மின்வழங்கியோடு மின்தேக்கியும் தோளோடு தோள் உரசி நிற்கிறது. மின்தேக்கியின் ஆயுளைப் பற்றிய கணக்கு அங்கேயும் பொருந்தும்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. பெட்டியின் மேலும் பக்கங்களிலும் பின்னும் குறைந்தது ஒரு சாண் இடைவெளி விடுக. சூடான காற்று மேலே செல்லும். கீழிருந்து குளிர்ந்த காற்று நுழையும். இரு வழிகளில் ஒன்றை அடைத்தாலும் காற்றோட்டம் நின்றுவிடும். துணி விரிப்பதும் இன்னொரு பெட்டியை ஏற்றுவதும் கூடாது.

2. வெப்பத் தகட்டின் செதில்கள் செங்குத்தாக நிற்கும்படி வைக்க. பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் செதில்களுக்கிடையே காற்று தேங்கும்.

3. ஆண்டுக்கு இருமுறை மின் இணைப்பை நீக்கி, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுக. தூசி, தகட்டுக்குப் போர்வை. மழைக்காலத்தில் அதுவே ஈரத்தையும் பிடித்துவைக்கும். பல்லியும் கரப்பானும் நுழையாதவாறு துளைகளுக்குக் கம்பிவலை போடலாம்; அட்டையால் மூடக்கூடாது.

4. வெளியில் தெரியும் வெப்பத் தகட்டைத் தொட்டுப்பார்க்க. ஐந்து விநாடி கையை வைத்திருக்க முடியாவிட்டால் ஏறக்குறைய 60 டிகிரி என்று கொள்ளலாம். அகச்சிவப்பு வெப்பமானி உள்ளவர்கள் பளபளக்கும் அலுமினியத்தை நேரே அளந்தால் தவறான விடையே வரும். மெருகிட்ட உலோகம் கதிர்வீசுவது மிகக் குறைவு. ஒரு துண்டு கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டி, அதன்மேல் அளக்கவேண்டும்.

5. பெருக்கியின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள ஓம் அளவுக்குக் குறைந்த ஒலிபெருக்கியை இணைக்காதீர்.

6. பழுது பார்த்தபின் மூன்று கேள்விகள் கேட்க: பசை தடவினீர்களா? உணரும் டயோடு தகட்டில் இருக்கிறதா? மின்தேக்கி எத்தனை டிகிரி வகை?

7. அனுபவமின்றிப் பெட்டியைத் திறக்காதீர். இணைப்பை நீக்கிய பின்னும் பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். வால்வுப் பெட்டிகளில் அது உயிரையே பறிக்கும் அளவினது.

முடிவுரை

பரணிலிருந்து இறங்கிய பெட்டியை எங்கள் துறை ஆசிரியரின் மேற்பார்வையில் சரிசெய்தேன். 105 டிகிரி மின்தேக்கிகள், வெள்ளைப் பசை, ஒரு சோடி டிரான்சிஸ்டர், விரிசல் கண்ட இணைப்புகளுக்குப் புதிய பற்றாசு ஆகியவற்றுக்கு ஆன செலவு, முன்பு ஒரு பழுதுக்குக் கொடுத்த கூலியைவிடக் குறைவு. தொங்கிக்கொண்டிருந்த டயோடு தகட்டின் துளைக்குத் திரும்பியது. முதன்முறை மின்சாரம் கொடுத்தபோது தொடரிணைப்பில் ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டினோம். உள்ளே குறுக்குத்தொடுப்பு இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரிந்து பெருக்கியைக் காக்கும். எங்கள் பல்பு ஒருமுறை மின்னி மங்கியது. மூச்சு வந்தது.

பெட்டி மீண்டும் சன்னலோரப் பெஞ்சுக்குச் சென்றது. ஷோகேசில் இப்போது புத்தகங்களும் அம்மாவின் பின்னல் துணியும் உள்ளன. இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. முதல் நாள் அப்பா பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, எழுந்து வந்து, வெப்பத் தகட்டின்மேல் கையை வைத்தார். ஐந்து விநாடிக்கு மேலும் வைத்திருந்தார். "பரவாயில்லை, கை சுடவில்லை" என்றார்.

பழையது என்று நாம் ஒதுக்கும் பொருள்கள் பல வயதால் மட்டும் மடிவதில்லை. நாம் அடைத்துவைத்த இடமும், கேளாமல் விட்ட கேள்வியும் அவற்றை விரைவில் மடியச் செய்கின்றன. எடைக்குப் போடுமுன் ஒருமுறை தொட்டுப் பாருங்கள் நண்பர்களே. சுட்டால், ஏன் சுடுகிறது என்று கேளுங்கள்.